டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2022: கோளாறு பயிற்சியிலா, திரட்டிய ஆட்களிலா?

பிரேசோஸ்கரை

இண்டியானா பல்கலைக்கழகம் 2026 ஜனவரி 19 அன்று மயாமியை 27-21 என்று வென்று, 16 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்காமல் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தேசியப் பட்டத்தைத் தட்டிச் சென்றதிலிருந்து, பள்ளி முடித்த வீரர்களில் யாரை எந்தக் கல்லூரி சேர்த்தது என்று வரிசைப்படுத்தும் ஆள் சேர்ப்புப் பட்டியல்களுக்கு இனி மதிப்பில்லை என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. அந்த முடிவுக்கு வருவதற்கு முன், இண்டியானாவுக்கு நேர் எதிர்முனையில் நிற்கும் அணி ஒன்றை இங்கே அலசிப் பார்க்கலாம்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2022ஆம் ஆண்டுக்குச் சேர்த்த புதுமுகக் கூட்டம், தரவரிசைத் தளங்கள் கணக்கு வைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றது. அதில் எட்டுப் பேர், அந்தத் தளங்கள் தரும் உச்ச மதிப்பான ஐந்து நட்சத்திரம் பெற்ற வீரர்கள். அவர்களைத் திரட்டிய ஜிம்போ ஃபிஷர் 2013இல் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர்; 2017 டிசம்பரில் பத்து ஆண்டுக்கு ஏழரைக் கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் ஏ அண்ட் எம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷனுக்கு வந்தவர். அந்தக் கூட்டம் களமிறங்கிய முதல் ஆண்டில் அணி 5 வென்று 7 தோற்றது. அடுத்த ஆண்டு நவம்பரில் 6-4 என்ற நிலையில் அவரை அனுப்பிவைக்க, பல்கலைக்கழகம் மீண்டும் ஏழரைக் கோடிக்கும் மேல் தர வேண்டியதாயிற்று.

இது முழுக்கப் பயிற்சியின் தோல்வி, அதிலும் தாக்குதல் ஆட்டத்தை ஃபிஷர் நடத்திய விதத்தின் தோல்வி என்பது என் கட்சி. 2022 செப்டம்பர் 10 அன்று ஏ அண்ட் எம்மின் சொந்த அரங்கான கைல் ஃபீல்டில் ஆப்பலாச்சியன் ஸ்டேட் 17-14 என்று வென்றதே, அந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஏ அண்ட் எம் தரவரிசையில் 6ஆம் இடத்தில் இருந்தது. ஆப்பலாச்சியன் 82 முறை பந்தை ஆடியது; ஏ அண்ட் எம் 38 முறை மட்டுமே ஆடியது. 60 நிமிட ஆட்டத்தில் 41 நிமிடத்துக்கு மேல் பந்து எதிரணியிடமே இருந்தது. நம் பக்கம் முன்னேறிய மொத்த யார்டு 186. கிடைத்த 14 புள்ளிகளில் ஏழு, டெவான் ஏச்சான் எதிரணி உதைத்த கிக்காஃப் பந்தைப் பிடித்து ஓடி எடுத்தவை. அந்த இரண்டாம் பாதி முழுவதும் அரங்கில் இருந்தவர்கள் பார்த்தது, மூன்று முறை முயன்று பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்காரும் தாக்குதல் அணியையும், திரும்பத் திரும்பக் களத்துக்கு அனுப்பப்பட்டு மூச்சு வாங்கிய தடுப்பு அணியையும்தான். ஆப்பலாச்சியனிடம் ஐந்து நட்சத்திர வீரர் ஒருவர்கூட இல்லை.

இடதுடேக்கிள்

ஒரு புதுமுகக் கூட்டத்தின் தரவரிசையையும் ஓர் அணியின் தரத்தையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதிலிருந்துதான் இந்த வாதம் தடம் மாறுகிறது என்று நினைக்கிறேன். 2022இல் களமிறங்கிய அணி அந்த எட்டுப் பேர் மட்டும் அல்ல. அது 2019, 2020, 2021 ஆகிய மூன்று ஆண்டுகளில் சேர்க்கப்பட்டவர்களின் அணி. அந்த எட்டுப் பேர் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள்.

ஃபிஷரின் ஒரே சிறந்த ஆண்டான 2020ஐத் திரும்பிப் பாருங்கள். 9-1, ஆரஞ்ச் போல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் வெற்றி, இறுதித் தரவரிசையில் நான்காம் இடம். பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கெலன் மாண்ட் நான்காம் ஆண்டு வீரர். அவரைக் காக்க முன்வரிசையில் நின்ற ஐவரில் கென்யன் கிரீன் தவிர மற்ற நால்வரும் சீனியர்கள், அதாவது இறுதியாண்டு வீரர்கள். மாண்டையும் அந்த நால்வரையும் சேர்த்தவர் ஃபிஷர் அல்லர், அவருக்கு முன்பிருந்த கெவின் சம்லின். அவர்கள் போன பிறகு, 2021இல் கிரீன் மட்டும் மிஞ்சினார். அவரும் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் 2022 டிராஃப்டில் 15ஆவது ஆளாக ஹூஸ்டனுக்குப் போய்விட்டார்.

2022இல் முன்வரிசையின் இடது ஓரத்தில், இடது டேக்கிளாக நின்றவர் ட்ரே ஸூன். கல்லூரியில் அவருக்கு அது இரண்டாம் ஆண்டு. முதன்மை அணியில் முதல் ஆண்டு. எதிரே வருபவர் 22, 23 வயதில், நான்கு ஆண்டு எடை தூக்கிய உடம்போடு, நூற்றுக்கணக்கான முறை இதே வேலையைச் செய்து பழகிய கைகளோடு வருகிறார். பாஸைப் பிடிக்கும் ரிசீவரும் ஓட்டக்காரரும் பதினெட்டு வயதிலேயே ஜொலிக்க முடியும். அவர்களுக்கு வேண்டியது வேகம். முன்வரிசைக்கு வேண்டியது உடம்பும் பழக்கமும் பக்கத்தில் நிற்பவன் என்ன செய்வான் என்ற அறிவும். இவை மூன்றும் ஆண்டுக் கணக்கில்தான் வரும். எனவே 2022இல் இருந்தது திறமைக் குறைவே. நட்சத்திரங்கள் குவிந்திருந்த இடத்தில் அன்றி, வெற்றியைத் தீர்மானிக்கும் இடத்தில் இருந்த குறைவு.

கணக்குப்பிள்ளை

இருவரும் வேகமாகக் காரணத்துக்குப் போகிறீர்கள். முதலில் விளைவு எவ்வளவு பெரிது என்று அளந்துகொள்வோம்.

அந்த ஆண்டின் ஏழு தோல்விகளில் ஐந்து, ஒரே டச்டவுனுக்குள், அதாவது ஏழு புள்ளிக்குள், முடிந்தவை: ஆப்பலாச்சியனிடம் 3 புள்ளி, அலபாமாவிடம் 4, சவுத் கரோலினாவிடம் 6, ஓல் மிஸ்ஸிடம் 3, ஆபர்னிடம் 3. மிசிசிப்பி ஸ்டேட்டும் ஃப்ளோரிடாவும் மட்டுமே வெளுத்து வாங்கின. இவ்வளவு நெருக்கமான ஆட்டங்களில் கணிசமான பங்கு அதிர்ஷ்டம் என்பது இந்த ஆட்டத்தைக் கணக்கிடும் யாவரும் ஒப்புக்கொள்வது. ஆனால் அந்தத் தராசின் மறுதட்டையும் பாருங்கள். ஆர்கன்சாவை 23-21 என்று வென்ற ஆட்டத்தில், கடைசி இரண்டு நிமிடத்துக்குள் மூன்று புள்ளி பெற அவர்கள் உதைத்த ஃபீல்டு கோல் கம்பத்தின் உச்சியில் பட்டு வெளியே விழுந்தது. முந்தைய ஆண்டு அலபாமாவை 41-38 என்று வென்றதும் கடைசி நொடி உதையில்தான். ஆக, அதிர்ஷ்டம் ஒரேயடியாக எதிராக நின்றது என்று சொல்ல முடியாது. என் கணிப்பில் அது ஓர் இரண்டு வெற்றியைப் பறித்திருக்கலாம். அப்படியானால் அது 7-5 அணி. இந்த ஆள்பலத்துக்கு அதுவும் போதாது.

இன்னொன்று. ஆட்டத்துக்குச் சராசரியாக 23 புள்ளிக்கும் குறைவாக எடுக்கும் அணி, ஆட்டங்களை நெருக்கமாக வைத்துக்கொள்ளும்படி தானே ஏற்பாடு செய்துகொள்கிறது. ஸ்காட் ஃப்ராஸ்ட் பயிற்றுவித்த நெப்ராஸ்கா 2021இல் 3-9. ஒன்பது தோல்விகளும் பத்துப் புள்ளிக்குக் குறைவான வித்தியாசம். அடுத்த ஆண்டு எல்லாம் நேராகிவிடும் என்று என்னைப் போன்ற கணக்குக்காரர்கள் பலர் எதிர்பார்த்தார்கள். அடுத்த செப்டம்பரில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்றதும் அவர் வேலை போயிற்று. நூலிழைத் தோல்வி மூன்று ஆண்டு தொடர்ந்தால் அதை அதிர்ஷ்டம் என்று அழைப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிரேசோஸ்கரை

கணக்குப்பிள்ளை ஐயா நெருக்கமான ஆட்டங்களைக் கொண்டுவந்ததால், அலபாமாவின் சொந்த ஊரான டஸ்கலூசாவில் அந்த அக்டோபர் 8 இரவு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அலபாமா 24-20 என்று முன்னிலையில் இருந்தது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் பிரைஸ் யங் காயத்தால் ஆடவில்லை. எதிரணி செய்த பிழையால் பந்து கோல் கோட்டிலிருந்து 2 யார்டில் வைக்கப்பட்டது. மூன்று நொடி மிச்சம். ஒரே ஒரு முயற்சி. ஏச்சான் போன்ற ஓட்டக்காரர் பக்கத்தில் நிற்கிறார். குவார்ட்டர்பேக் ஹேன்ஸ் கிங் தானே ஓடக்கூடியவர். ஃபிஷர் அழைத்தது வலப்பக்க ஓரத்தில் எவான் ஸ்டூவர்ட்டுக்கு ஒரு குறும்பாஸ். கோட்டை ஒட்டி ஓடிய ஓட்டம், கோட்டுக்கு உள்ளே தெளிவாகப் போகவும் இல்லை. பந்து கைக்கு வரவில்லை. அந்த இடத்தில் முன்வரிசையின் வயது ஒரு பொருட்டே அல்ல. அழைப்பு ஒன்றே பொருட்டு.

இடதுடேக்கிள் அண்ணன் சொல்லும் வயதுக் கணக்கை நான் மறுக்கவில்லை, ஆனால் அது எதையெல்லாம் விளக்காது என்று பார்க்க வேண்டும். ஆப்பலாச்சியன் ஆட்டத்துக்குப் பிறகு பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட அதே ஹேன்ஸ் கிங், அடுத்த ஆண்டு ஜார்ஜியா டெக்குக்குப் போய் 27 டச்டவுன் பாஸ் வீசினார். அதற்கடுத்த ஆண்டு தரவரிசையில் நான்காம் இடத்தில் இருந்த மயாமியை அவர் அணி வீழ்த்தியது. ஏச்சான் 2023இல் மயாமி டால்ஃபின்ஸில் தம் முதல் தொழில்முறை ஆண்டிலேயே 103 முறை ஓடி 800 யார்டு எடுத்தார். முறைக்கு ஏறத்தாழ 7.8 யார்டு. இப்படி ஓர் ஓட்டக்காரரையும் அப்படி ஒரு குவார்ட்டர்பேக்கையும் கையில் வைத்துக்கொண்டு 23 புள்ளி எடுக்க முடியாத ஒருவர், பிள்ளைகள் சிறியவர்கள் என்று சொல்வது ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

தடுப்புப் பக்கமும் இதையே சொல்கிறது. மைக் எல்கோ தடுப்புப் பயிற்சியாளராக இருந்த கடைசி ஆண்டான 2021இல் ஏ அண்ட் எம் ஆட்டத்துக்குச் சராசரி 16 புள்ளிதான் விட்டுக்கொடுத்தது. அவர் போன மறு ஆண்டில் அது 21ஐத் தாண்டியது. ஓட்டத்தில் மட்டும் ஆட்டத்துக்கு 200 யார்டுக்கு மேல் போயிற்று. எல்கோ போன இடம் டியூக். 2021இல் 3-9 ஆக இருந்த டியூக், அவருடைய முதல் ஆண்டில் 9-4. கூடைப்பந்துக்குப் பெயர்போன அந்தக் கல்லூரி ஃபுட்பாலில் யாரைச் சேர்க்க முடியும் என்பது நம் அனைவருக்கும் தெரியும். திறமையை ஓரிடத்தில் விட்டுவிட்டு பயிற்சியாளர் மட்டும் இடம்பெயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைக்காது.

இடதுடேக்கிள்

சோதனை என்றால் அதை இருபுறமும் நடத்திப் பார்க்க வேண்டும், தம்பி.

ஷெமார் ஸ்டூவர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 2022 கூட்டத்தின் ஐந்து நட்சத்திர வீரர். மூன்று ஆண்டும் இடம் மாறாமல் காலேஜ் ஸ்டேஷனிலேயே இருந்தவர். ஒவ்வோர் ஆண்டும் ஒன்றரை சாக் (எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது), மூன்று ஆண்டில் மொத்தம் நாலரை. அந்த மூன்றாவது ஆண்டு, ஃபிஷருக்குப் பிறகு தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்த எல்கோவின் கீழ் ஆடியது. தடுப்பு ஆட்டத்தில் கரைகண்டவர் என்று நீங்கள் சொல்கிற அதே எல்கோவாலும் எண்ணிக்கையை நகர்த்த முடியவில்லை. ஆனாலும் சின்சினாட்டி அவரை 2025 டிராஃப்டில் 17ஆவது ஆளாக எடுத்தது. அதற்கு ஓரிடம் முன்பாக, 16ஆவது ஆளாகப் போனவர் அதே கூட்டத்தின் வால்டர் நோலன். ஓல் மிஸ்ஸுக்கு மாறிப் போய் அங்கே ஒரு நல்ல ஆண்டு ஆடிவிட்டுப் போனவர். இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நோலன் பயிற்சியின் குற்றத்துக்குச் சாட்சி, ஸ்டூவர்ட் நட்சத்திரக் கணக்கின் குற்றத்துக்குச் சாட்சி. தொழில்முறை அணிகள் உடம்பையும் வேகத்தையும் பார்த்து எடுக்கின்றன. தரவரிசைத் தளங்களும் அதையேதான் பார்க்கின்றன. சனிக்கிழமை ஆட்டத்தை வெல்வது அது மட்டுமல்ல.

கிங்கைப் பற்றியும் ஒரு சொல். ஜார்ஜியா டெக் அவரை ஓடவிட்டது, குறும்பாஸ்களைக் கொடுத்தது, அவருக்கு ஏற்றபடி ஆட்டத்தையே தைத்துக் கொடுத்தது. ஃபிஷரின் ஆட்டமுறை, தடுப்பைப் பார்த்துப் பாதியிலேயே ஓட்டத்தை மாற்றிக்கொள்ளும் ரிசீவர்களையும், அதை அதே நொடியில் படித்துவிடும் குவார்ட்டர்பேக்கையும் கேட்பது. 2013இல் அவருடைய குவார்ட்டர்பேக்காக இருந்த ஜேமிஸ் வின்ஸ்டன் போன்ற ஒருவர் இருந்தால் அது கொடிகட்டிப் பறக்கும். அப்படி ஒருவர் கிடைக்காத ஆண்டில் அது முடங்கும். இதைப் பயிற்சிக் குறை என்பீர்களா, ஆள் தேர்வுக் குறை என்பீர்களா?

வேடிக்கைபார்ப்பவன்

நான் சென்னையில் இருந்துகொண்டு பின்னிரவில் இந்த ஆட்டங்களைப் பார்ப்பவன், ஒரு சந்தேகம். ஐபிஎல்லில் ஏலத்தில் ஆள் எடுப்பது உரிமையாளரும் அவருடைய குழுவும். பயிற்சியாளர் கருத்துச் சொல்வார், கையெழுத்து அவருடையது அன்று. அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பாலிலும் பெரும்பாலும் அதற்கென மேலாளர் ஒருவர் இருக்கிறார். எனவே அங்கெல்லாம் குற்றத்தைப் பிரித்துப் போட முடியும். கல்லூரியில் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசிப் பிள்ளையை அழைத்து வருபவரும் தலைமைப் பயிற்சியாளரே, களத்தில் நிறுத்துபவரும் அவரே என்றால், இந்த இழையின் கேள்வியே இரண்டு பக்கமும் ஒரே ஆளைத்தானே சுட்டுகிறது?

மூன்றாம்டவுன்

வேடிக்கைபார்ப்பவன் கேட்டதுதான் இந்த இழையில் இதுவரை வந்த சிறந்த கேள்வி. ஆனால் ஒரே ஆளைச் சுட்டினாலும் எந்த வேலையில் தவறினார் என்பது முக்கியம், ஏனென்றால் அடுத்து யாரைக் கொண்டுவருவது என்பது அதைப் பொறுத்தது. மேலும், சேர்ப்பதற்கும் களத்தில் ஆடவைப்பதற்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. அதை யாரும் இன்னும் தொடவில்லை: சேர்த்தவர்களை ஓர் அணியாக வைத்திருப்பது.

2021 ஏப்ரலில் ஒரு முறை காத்திருப்பின்றிக் கல்லூரி மாறலாம் என்ற விதி வந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் பெறலாம் என்றாயிற்று. ஏ அண்ட் எம்மின் அந்தப் புகழ்பெற்ற கூட்டம் இந்த இரண்டு மாற்றங்களுக்கும் பிறகு கையெழுத்திட்ட முதல் கூட்டம். 2022 மே மாதத்தில் ‘ஏ அண்ட் எம் ஒவ்வொரு வீரரையும் விலைக்கு வாங்கியது’ என்று அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் மேடையில் சொன்னதும், மறுநாளே ஃபிஷர் செய்தியாளர்களைக் கூட்டிச் சீறியதும் நினைவிருக்கும். யார் சொன்னது உண்மை என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நான் பார்ப்பது அதற்குப் பிந்தைய மாதங்களை. மயாமி ஆட்டத்துக்கு முன் இரவுக் கட்டுப்பாட்டை மீறியதற்காக நான்கு பேர் நிறுத்திவைக்கப்பட்டார்கள். சவுத் கரோலினா ஆட்டத்துக்குப் பிறகு மறுபடியும் சிலர். பருவம் முடிந்ததும் 20க்கும் மேற்பட்டோர், கல்லூரி மாற விரும்புவோர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். எல்டி ஓவர்ட்டன் பின்னர் அலபாமாவில், எவான் ஸ்டூவர்ட் ஓரிகனில், அந்தோணி லூகாஸ் யூஎஸ்சியில், குவார்ட்டர்பேக் கானர் வீக்மேன் ஹூஸ்டனில். மூன்றாம் ஆண்டில் பலன் தரும் என்று நம்பி நட்ட தோப்பில் மூன்றாம் ஆண்டில் பாதி மரம் இல்லை.

எனவே இடதுடேக்கிள் சொல்வதுபோல் ‘வயது வரட்டும்’ என்று காத்திருக்கும் உரிமையே ஃபிஷருக்கு இல்லாமல் போயிற்று. பழைய விதிகள் இருந்த காலத்தில் அவர் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் செய்தது அதுவே: சேர், காத்திரு, பழுக்கவை. புதிய விதிகளில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பிள்ளைக்கு ஆடும் வாய்ப்பும் நம்பிக்கையும் தராவிட்டால், அவன் வேறு அணியின் திறமை ஆகிவிடுகிறான்.

கணக்குப்பிள்ளை

இப்போது இண்டியானாவுக்கு வருவோம், இழை அங்கேதான் தொடங்கியது.

‘ப்ளூ சிப் ரேஷியோ’ என்ற அளவுகோலைப் பட் எலியட் என்ற எழுத்தாளர் பல ஆண்டுகளாகக் கணக்கிட்டு வருகிறார். உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஓர் அணி சேர்த்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நான்கு அல்லது ஐந்து நட்சத்திர வீரர்களாக இருந்தால் மட்டுமே தேசியப் பட்டம் எட்டும் தூரத்தில் இருக்கும் என்பது அதன் சாரம். தரவரிசைகள் நிலைபெற்ற பிறகு வந்த பட்டம் வென்ற அணிகள் யாவும் இதற்குள் அடங்கின. 2023இல் மிச்சிகன் கோட்டை ஒட்டித் தாண்டியது. இண்டியானா அந்தக் கோட்டுக்கு அருகில்கூட இல்லை. 2023இல் 3-9 ஆக இருந்த அணி. கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்ததும் 11-2. அடுத்த ஆண்டு ரோஸ் போலில் அலபாமாவை 38-3 என்று துவைத்துப் போட்டுவிட்டுப் பட்டம். ஆள்பலம் ஒன்றுமில்லை, பயிற்சியே எல்லாம் என்று இதை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசனிலிருந்து வரும்போது அங்கே தம்மிடம் ஆடிய ஒரு டஜன் பேரைக் கையோடு அழைத்து வந்தார். ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய ஃபெர்னாண்டோ மெண்டோசா கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர். சிக்னெட்டி வாய்க்கு வாய் சொல்வது, எதிர்காலத்தில் என்ன ஆகலாம் என்பதைவிட இதுவரை என்ன செய்திருக்கிறான் என்பதையே பார்ப்பேன் என்பது. அவரே நிக் சேபனிடம் அலபாமாவில் ஆள் சேர்ப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோம். நட்சத்திரம் என்பது பதினேழு வயதில் ஒருவன் மேல் ஒட்டப்படும் சீட்டு. சிக்னெட்டி அந்தச் சீட்டைப் பார்க்காமல், இருபத்திரண்டு வயதில் அவன் கல்லூரிக் களத்தில் ஆடிய பதிவுகளைப் பார்த்து எடுத்தார். ஆக இண்டியானாவில் திறமை குறைவாக இருந்தது என்பதற்குப் பதில், அந்தத் திறமையை நம் அளவுகோல் அளக்கவில்லை என்பதே பொருத்தம். அது பயிற்சி திறமையை வென்ற கதை அன்று; ஆளைப் பார்க்கத் தெரிந்தவர் பட்டியலை வென்ற கதை.

இதே கண்ணால் ஏ அண்ட் எம் 2022ஐப் பார்த்தால், பட்டியலில் முதலிடம் என்பதற்குப் பொருள் ‘இன்னும் மூன்று ஆண்டில் நல்ல அணியாக வாய்ப்புண்டு’ என்பது மட்டும்தான். அதை நாம் ‘இந்த ஆண்டு வெல்ல வேண்டிய அணி’ என்று படித்துக்கொண்டோம்.

பிரேசோஸ்கரை

வயதும் பழக்கமும் இருந்துவிட்டால் அணி தானே வென்றுவிடும் என்ற இடத்துக்கு வாதம் மெல்ல நகர்வதால், 2025 பென் ஸ்டேட்டை இடையில் வைக்கிறேன். குவார்ட்டர்பேக் ட்ரூ ஆலரும் இரண்டு மூத்த ஓட்டக்காரர்களும் திரும்பி வந்தார்கள். பருவம் தொடங்கும்போது தரவரிசையில் இரண்டாம் இடம். நட்சத்திரமும் இருந்தது, வயதும் இருந்தது. ஓரிகனிடம் இரண்டு கூடுதல் நேரம் போய் 30-24 என்று தோற்றது, மறு வாரமே அதுவரை ஓர் ஆட்டமும் வெல்லாத யூசிஎல்ஏவிடம் 42-37, அதற்கு மறு வாரம் சொந்த மண்ணில் நார்த்வெஸ்டர்னிடம் 22-21. மறுநாள் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் வேலை போயிற்று. இங்கே ஆள் சேர்ப்பின் மேல் பழி போட ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இடதுடேக்கிள்

நார்த்வெஸ்டர்ன் ஆட்டத்தில் ஆலர் காயப்பட்டு அந்தப் பருவமே முடிந்துபோனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனாலும் பென் ஸ்டேட் விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவானது என்று ஏற்கிறேன். ஓரிகன் தோல்விக்குப் பிறகு எழுந்து நிற்காமல் போனது மனநிலை, அது பயிற்சியாளரின் பொறுப்பு.

நான் சொல்ல வருவது வேறு, அது ஏ அண்ட் எம்மைப் பற்றியது. எல்கோ 2024இல் 8-5. மறு ஆண்டு முதல் 11 ஆட்டமும் வெற்றி. நோட்ரே டேமை அவர்கள் மண்ணிலேயே 41-40 என்று வென்றார்கள். சவுத் கரோலினாவிடம் பாதி நேரத்தில் 30-3 என்று பின்தங்கியிருந்துவிட்டு 31-30 என்று முடித்தார்கள். எல்எஸ்யூவை அவர்கள் அரங்கில் 49-25 என்று அடித்து, மறுநாள் அதன் பயிற்சியாளர் பிரையன் கெல்லியை வீட்டுக்கு அனுப்பவைத்தார்கள். எல்லாரும் எல்கோவைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். ரிசீவர்கள் கேசி கன்செப்சியனையும் மாரியோ கிரேவரையும், தடுப்பு ஓரத்தில் கேஷியஸ் ஹவலையும் வேறு கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுத்தவர் அவர்தான்.

ஆனால் அந்த 2025 அணியின் முன்வரிசையில் இடது டேக்கிள் யார்? அதே ட்ரே ஸூன். 2022இல் அனுபவமில்லாமல் தடுமாறியவர், இப்போது ஐந்தாம் ஆண்டு வீரர். மறுபக்கம் டமெட்ரியஸ் கிரவுனோவர். 2021இல் பாஸும் பிடிக்கும் டைட் எண்டாக வந்து சேர்ந்து, பிறகு உடம்பு ஏற்றி டேக்கிளாக மாற்றப்பட்டவர். ஸூனுக்குப் பக்கத்தில் நிற்கும் இடது கார்டு சேஸ் பிசோண்டிஸ், 2023இல் வந்தவர். மூவரையும் சேர்த்தவர் ஃபிஷர். 2020இல் சம்லின் சேர்த்த சீனியர்களை வைத்து ஃபிஷர் பெயர் வாங்கினார். 2025இல் ஃபிஷர் சேர்த்த சீனியர்களை வைத்து எல்கோ பெயர் வாங்குகிறார்.

மூன்றாம்டவுன்

இடதுடேக்கிள் சொன்ன இந்தக் கடைசி விஷயத்தை நிர்வாகத்தின் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் கசப்பாக இருக்கும். 2020இன் 9-1ஐப் பார்த்துவிட்டு, 2021இல் பல்கலைக்கழகம் ஃபிஷரின் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டித்து, ஆண்டுக்கு 90 லட்சம் டாலர் என்று உயர்த்தியது. பெரும்பாலும் முன்னவர் சேர்த்த மூத்தவர்களால் கிடைத்த ஒரு பருவத்தை, முழுக்கப் பயிற்சியின் பலன் என்று படித்ததற்கான விலைதான் பிற்பாடு கொடுத்த அந்த இழப்பீடு. அந்த நீட்டிப்பு இல்லாதிருந்தால் 2023 நவம்பரில் அவரை அனுப்புவதற்கு அதில் பாதிக்கும் குறைவாகவே ஆகியிருக்கும். பழைய ஒப்பந்தம் 2027 முடிவோடு தீர்வது.

அதே பல்கலைக்கழகம் 2025 நவம்பரில், தோல்வியே காணாத பருவத்தின் நடுவில், எல்கோவுக்கும் ஆறு ஆண்டு புதிய ஒப்பந்தம் கொடுத்தது. அதன் பிறகு டெக்சாஸிடம் 27-17, பின்னர் டிசம்பர் 20 அன்று பிளேஆஃப் முதல் சுற்றில் கைல் ஃபீல்டிலேயே மயாமியிடம் 10-3.

கணக்குப்பிள்ளை

மயாமி ஆட்டத்தின் மூன்று புள்ளியை வைத்து எல்கோவைத் தூக்கிலேற்ற நான் தயாரில்லை. கடைசி நிமிடத்தில் பந்து, டச்டவுன் எடுக்கும் பகுதியான எண்ட் ஸோனை எட்டும் தூரத்தில் இருந்தது; குவார்ட்டர்பேக் மார்செல் ரீட் வீசியதை மயாமி வீரர் எண்ட் ஸோனுக்குள் பிடித்துவிட்டார். அந்த மயாமிதான் இறுதி ஆட்டம் வரை போய் இண்டியானாவிடம் ஆறு புள்ளியில் தோற்றது. ஓர் ஆட்டம் ஓர் ஆட்டம்தான்.

பிரேசோஸ்கரை

ஒப்பந்தக் கணக்கு எனக்குப் புதிய கோணம். ஆனால் 2022இல் தாக்குதல் ஆட்டத்தை நடத்தியவர் ஃபிஷர்தான், மறு ஆண்டு பாபி பெட்ரினோவைத் தாக்குதல் பயிற்சியாளராக அழைத்து அந்தப் பொறுப்பைப் பங்கு போட்டதே அவர் தரப்பு ஒப்புதல் என்ற என் நிலையில் மாற்றமில்லை.

இடதுடேக்கிள்

மாற்ற வேண்டாம். 2026க்கு என் கவனம் ஒன்றின் மேல்தான் இருக்கும்: ஸூனும் கிரவுனோவரும் தகுதிக்காலம் முடிந்து போய்விட்டார்கள். அந்த இரண்டு டேக்கிள் இடங்களுக்கும் எல்கோ போர்ட்டலிலிருந்து 22 வயது ஆட்களை எடுக்கிறாரா, தாம் சேர்த்து வளர்த்த பிள்ளைகளை நிறுத்துகிறாரா என்பதை முதல் ஆட்டத்திலேயே பார்த்துவிடலாம். ரீடுக்குப் பந்தை வீச மூன்று நொடி கிடைக்காவிட்டால், அப்போது இதே இழையில் எழுதுகிறேன்.